க்ளோசபின் எழுதிக் கொடுத்துட்டாங்களா? ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிட்டு வந்து உக்காருங்க

தம்பியோட மனச்சிதைவு நோய்க்கு டாக்டர் சீட்டுல க்ளோசபின்னு எழுதியிருந்தத பாத்துட்டு வீட்டுக்கு வந்து நெட்ல தேடி, ரத்த அணு குறையும், இதயம் வீங்கும், ஃபிட்ஸ் வரும்னு வரிசையா படிச்சிட்டு, அன்னிக்கு ராத்திரி மாத்திரைய கொடுக்காம பீரோல வெச்சுப் பூட்டின ஆளு நான், அதனால உங்க பயம் எனக்கு நல்லாவே புரியுது. அதே மாத்திரையத்தான் இப்போ ஒம்பது வருஷமா தம்பிக்கு எடுத்துக் கொடுத்துட்டு இருக்கேன். நான் டாக்டர் இல்ல. கீழ வர்ற எம்ஜி கணக்கெல்லாம் டாக்டர் என்ன பண்றாருன்னு நீங்க புரிஞ்சுக்கறதுக்கு மட்டும்தான், நீங்களா கூட்டறதுக்கோ குறைக்கறதுக்கோ இல்ல. இந்த மருந்துல மாத்திர மேல போட்டிருக்கற நம்பர் பாதி கதைதான், மீதி பாதி பீடி, காய்ச்சல், மலச்சிக்கல், விட்டுப்போன நாள்னு வீட்டுக்குள்ளதான் நடக்குது. அதுக்குத்தான் நோட்டு.

யாருக்குக் கொடுப்பாங்கன்னா, ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு இருந்து, ரிஸ்பெரிடோன், ஓலான்சபின் மாதிரி குறைஞ்சது ரெண்டு மருந்த ஒவ்வொண்ணும் ஆறு வாரமாவது சரியான டோஸ்ல கொடுத்தும் குரல் கேக்கறது, யாரோ துரத்தறாங்கங்கற சந்தேகம் இதெல்லாம் அடங்கலன்னா அவங்களுக்கு. இங்க ஒரு விஷயத்துல நேர்மையா இருங்க, அந்த ரெண்டு மருந்தும் நெஜமா வயித்துக்குள்ள போச்சா? எங்க வீட்ல கட்டில நகர்த்தினப்போ சுவரோரமா நாப்பத்தி சொச்சம் வெள்ள மாத்திர கிடந்துச்சு. அத டாக்டர்கிட்ட சொல்ல எங்கம்மாவுக்கு வெக்கம், ஆனா சொல்லியே ஆகணும், ஏன்னா சாப்பிடாத மருந்த கேக்காத மருந்துன்னு கணக்கு வெச்சா தேவையில்லாம க்ளோசபின் வரைக்கும் வந்துடுவோம். அதே வியாதில தற்கொலை எண்ணம் திரும்பத் திரும்ப வர்றவங்களுக்கும் இது கொடுப்பாங்க, அத தடுக்கறதுக்குன்னே அமெரிக்காவுல அனுமதி வாங்கின மருந்து இது. பார்க்கின்சன் வியாதிக்காரங்களுக்கு இல்லாத உருவம் தெரிய ஆரம்பிச்சா ரொம்பக் கொஞ்சமா, பெரும்பாலும் 50 எம்ஜிக்குள்ள கொடுக்கறதும் உண்டு. வெறும் தூக்கத்துக்கோ, வீட்ல கோவப்படறாங்கன்னோ கொடுக்கற மருந்து இல்ல. மறதி நோய் வந்த பெரியவங்க ராத்திரி கத்தறாங்கன்னு பக்கத்து வீட்டுக்காரங்க கேட்டா ஒரு மாத்திரகூட எடுத்துக் கொடுத்துடாதீங்க, அந்த வயசுல இந்த வகை மருந்து எல்லாமே உயிராபத்த கூட்டும்.

இவ்ளோ பயமுறுத்தற மருந்த ஏன் இன்னும் வெச்சிருக்காங்கன்னு நானும் கேட்டேன். 1975-ல ஃபின்லாந்துல இத சாப்பிட்டவங்கள்ல சிலருக்கு கிருமிய எதிர்க்கற வெள்ளை அணு அடியோட குறைஞ்சு எட்டுப் பேர் செத்துப் போனாங்க, உடனே பல நாட்டுல மூட்டை கட்டிட்டாங்க. அப்புறம் 1988-ல அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, வேற எதுக்குமே அசையாதவங்கள மட்டும் எடுத்து பாதிப் பேருக்கு இதையும் பாதிப் பேருக்கு பழைய குளோர்ப்ரோமசினையும் ஆறு வாரம் கொடுத்தா, பழசுல நூத்துக்கு 4 பேர் தேறினாங்க, இதுல 30 பேர். அந்த 30-க்காகத்தான் 1989-ல ரத்த டெஸ்டு கட்டாயம்னு சொல்லி அமெரிக்காவுல அனுமதி கொடுத்தாங்க.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சிபிசி, அதாவது ரத்த அணுக்கள எண்ணற டெஸ்டு, சர்க்கரை, கொலஸ்ட்ரால், ஈசிஜி எடுப்பாங்க, எடையும் இடுப்புச் சுத்தளவும் பாப்பாங்க. இதெல்லாம் அவங்க வேல. உங்க வேல என்னன்னா நோட்டோட மொத பக்கத்துல மூணு விஷயம் எழுதிக்கறது: ஒரு நாளைக்கு எத்தன பீடி சிகரெட், எத்தன காபி, எத்தன நாளைக்கு ஒரு தடவ மலம் கழிக்கறாங்க. அதோட வேற என்ன மாத்திர ஓடுதுங்கறதும். வலிப்புக்கு கார்பமசெபின் சாப்பிடறவங்களா இருந்தா கண்டிப்பா சொல்லணும், அதுவும் ரத்த அணுவ குறைக்கற மருந்து, ரெண்டையும் சேத்துக் கொடுக்க மாட்டாங்க.

இப்போ டோஸ். மொத நாள் 12.5 எம்ஜி, அதாவது 25 எம்ஜி மாத்திரைல பாதி. சிரிப்பு வரும், ரிஸ்பெரிடோன் முழுசா சாப்பிட்டே அசையாத ஆளுக்கு இந்தப் பாதி என்ன பண்ணும்னு. ஆனா அந்தப் பாதிக்கே எங்க தம்பி மறுநாள் காலைல பத்தரைக்குத்தான் கண்ண தொறந்தான், பாத்ரூம் போக எழுந்தவன் தல சுத்தி கதவப் புடிச்சிக்கிட்டு நின்னான். பிரஷர் சட்டுன்னு இறங்கும், அதனால மொத ரெண்டு வாரம் படுக்கைல இருந்து எழுந்ததும் ஒரு நிமிஷம் கால தொங்கப்போட்டு உக்காந்துட்டுத்தான் நிக்கணும்னு சொல்லி வைங்க. அப்புறம் தாங்கினா ஒரு நாளைக்கு 25 இல்ல 50-ன்னு கூட்டி ரெண்டு வாரத்துல 300-ல இருந்து 450 வரைக்கும் போறது மருந்துக் கம்பெனி சீட்டுல இருக்கற வழி, அதுக்கு மேல வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவ நூறுக்கு மிகாம கூட்டலாம், உச்சம் 900. அது வெள்ளக்காரங்கள வெச்சுப் போட்ட வேகம். நம்ம ஆசியக்காரங்க உடம்புல இந்த மருந்து கரைஞ்சு வெளிய போறது மெதுவா, அதனால இன்னும் மெதுவா ஏத்தணும், பலருக்குக் குறைஞ்ச டோஸே போதும்னு இப்போ பல நாட்டு டாக்டருங்க சேந்து எழுதியிருக்காங்க. பொம்பளைங்க, பீடி சிகரெட் இல்லாதவங்க, வயசானவங்களுக்கு இன்னும் கம்மி. எங்க டாக்டர் ஒன்றரை மாசம் எடுத்துக்கிட்டாரு, 250-ல நின்னோம், காலைல 50, ராத்திரி 200. பக்கத்து ஊர்ல ஒரு பையனுக்கு 450 ஓடுது, அத கேட்டுட்டு வந்து நமக்கு ஏன் கம்மியா கொடுக்கறாங்கன்னு சண்ட போடாதீங்க.

சந்தேகமா இருந்தா ரத்தத்துல மருந்து அளவு பாக்கற டெஸ்டு இருக்கு, பெரிய லேபுங்க எடுத்து அனுப்புவாங்க. மில்லிக்கு 350 நானோகிராம் தொட்டாத்தான் வேலை செய்யும்னு ஒரு கணக்கு வெச்சிருக்காங்க. ராத்திரி மாத்திர போட்டு 12 மணி நேரம் கழிச்சு, காலை மாத்திரைக்கு முன்னாடி ரத்தம் எடுக்கணும். நாங்க மொத தடவ காலை மாத்திரையப் போட்டுட்டுப் போயி டெஸ்டுக் காசு வீணாப் போச்சு. பலன் தெரிய பல பேருக்கு மாசக்கணக்காகும். தம்பி நாலாவது மாசத்துல ஒரு நாள் டிவி சத்தத்த கூட்டச் சொன்னான், அதுவரைக்கும் டிவி அவனப் பத்திப் பேசுதுன்னு ஒயர பிடுங்கிப் போட்டவன். அந்தத் தேதி நோட்டுல சிவப்பு பேனாவுல இருக்கு.

விட்டுப்போன மாத்திர விஷயத்துலதான் நான் பெருசா மாட்டினேன், அதனால கொஞ்சம் விவரமா சொல்றேன். சித்தி பொண்ணு கல்யாணத்துக்கு ஊருக்குப் போனோம், சீர்வரிச பெட்டில இருந்து ஹேர்பின் வரைக்கும் எடுத்து வெச்ச நான் மாத்திர டப்பாவ ஃப்ரிட்ஜ் மேல விட்டுட்டேன். ரெண்டு நாள்தானே, மூணாவது நாள் வந்து போட்டுக்கலாம்னு எங்க மாமா தைரியம் சொன்னாரு, அந்த ஊர் மெடிக்கல்ல இந்த மாத்திர இல்ல. திரும்பி வந்து வழக்கம்போல 200-ஐ கைல எடுத்துட்டேன், என்னவோ தோணி டாக்டருக்கு போன் போட்டேன். "கடைசியா எப்போம்மா சாப்பிட்டான்?" "வியாழக்கிழமை ராத்திரி சார்." "இன்னிக்கு ஞாயிறு. கைல இருக்கறத கீழ வைங்க."

48 மணி நேரம், அதான் கோடு. ஒரு வேளை மறந்துட்டா அத விட்டுட்டு அடுத்த வேளைக்கு வழக்கமானத கொடுங்க, ரெண்டு வேளைய சேத்துக் கொடுக்காதீங்க. ஆனா கடைசி டோஸ் போட்டு 48 மணி நேரம் ஆயிடுச்சுன்னா உடம்பு அந்த மருந்தோட பழக்கத்த மறந்துடும், பழைய முழு டோஸப் போட்டா பிரஷர் அடியோட இறங்கலாம், இதயத் துடிப்பு குறையலாம், ஃபிட்ஸ் வரலாம். திரும்ப 12.5-ல இருந்துதான் தொடங்கணும், இந்தத் தடவ கொஞ்சம் வேகமா ஏத்துவாங்க, அவ்ளோதான். நாங்க 250-க்குத் திரும்ப வர்றதுக்கு பன்னெண்டு நாள் ஆச்சு, அதுல அஞ்சு நாள் தம்பி தூங்கவே இல்ல. மூணு நாளுக்கு மேல விட்டுப்போனா ரத்த டெஸ்ட அடிக்கடி எடுக்கச் சொல்லவும் வாய்ப்பு இருக்கு. இப்போ என் ஹேண்ட்பேக்ல நாலு நாள் மாத்திர எப்பவும் இருக்கும், தம்பி சட்டை பாக்கெட்லயும் ஒரு ஸ்ட்ரிப். இந்த மருந்த திடீர்னு நிறுத்தினா நோய் பழசவிட மோசமா திரும்பி வரலாம், கூடவே வாந்தி வேர்வைன்னு உடம்பும் படுத்தலாம், அதனால நல்லாயிட்டான்ல நிறுத்திப் பாப்போமேங்கற சொந்தக்காரங்க பேச்ச வாசல்லயே விட்டுடுங்க.

ரத்த டெஸ்டு பத்தி. மொத 18 வாரம் வாராவாரம், அப்புறம் மாசம் ஒரு தடவங்கறதுதான் இங்க பெரும்பாலும் நடக்கறது. வெள்ளை அணு அடியோட குறையற அந்தப் பிரச்ன நூத்துல ஒருத்தருக்கும் கீழதான் வரும், வந்தா பெரும்பாலும் அந்த மொத சில மாசத்துலதான், அதனாலதான் வாராவாரம். அமெரிக்காவுல 2025-ல இதுக்கான கட்டாயப் பதிவு முறைய எடுத்துட்டாங்க, அத படிச்சிட்டு இனிமே டெஸ்டே வேண்டாம்னு வாட்ஸாப்ல சுத்துது, தப்பு, பதிவுதான் போச்சு, ரத்தம் பாக்கணும்ங்கறது போகல.

ரிப்போர்ட்ட நீங்களே படிக்கக் கத்துக்கலாம், ரெண்டு நிமிஷ வேல. டோட்டல் கவுன்ட்னு ஒரு வரி இருக்கும், அது வெள்ளை அணுவோட மொத்தக் கணக்கு, டிஃபரென்ஷியல் கவுன்ட்ல நியூட்ரோஃபில்னு ஒரு வகை வெள்ளை அணுவோட சதவீதம் இருக்கும், ரெண்டையும் பெருக்கி நூறால வகுங்க. 7,200-ல 58 சதவீதம்னா 4,176, நல்லாருக்கு. 3,400-ல 40 சதவீதம்னா 1,360, இது 1,500-க்குக் கீழ, அன்னிக்கே டாக்டருக்கு சொல்லணும். 1,000-க்கும் 1,500-க்கும் நடுவுல இருந்தா மருந்த தொடர்ந்துக்கிட்டே வாரத்துக்கு மூணு தடவ ரத்தம் பாக்கறவங்களும் உண்டு, 1,500-க்குக் கீழ வந்தாலே நிறுத்தற கண்டிப்பான டாக்டருங்களும் உண்டு. 1,000-க்குக் கீழன்னா பெரும்பாலும் நிறுத்திடுவாங்க, 500-க்குக் கீழன்னா ஆஸ்பத்திரில சேக்கணும். சில லேப்ல 7.2-ன்னு அடிச்சுக் கொடுப்பாங்க, ஆயிரத்துல கணக்கு அது, 7,200-தான், நான் அத பாத்து ஆட்டோ புடிச்சு ஓடின கதையெல்லாம் உண்டு.

காய்ச்சல். இந்த மருந்துல காய்ச்சல்ங்கறது வெறும் காய்ச்சல் கிடையாது. 100.4 தாண்டினா, இல்ல தொண்ட வலி, வாய்ப்புண்ணுன்னு வந்தா, பாராசிட்டமால் போட்டு கசாயம் கொடுத்து ரெண்டு நாள் பாக்கற வழக்கமெல்லாம் வேண்டாம், அன்னிக்கே சிபிசி எடுக்கணும். மொத ரெண்டு மாசத்துல காய்ச்சலோட மூச்சு வாங்கறது, நெஞ்சு வலி, சும்மா உக்காந்திருக்கும்போதே நாடி 120 தாண்டறதுன்னு இருந்தா அது இதயத் தசை வீக்கமா இருக்கலாம், நேரா எமர்ஜென்சிக்குப் போங்க, இதயத் தசை பாதிச்சிருக்கான்னு பாக்கற ட்ரோபோனின் ரத்த டெஸ்டும் ஈசிஜியும் எடுப்பாங்க, க்ளோசபின் சாப்பிடறாங்கன்னு வாய் தொறந்து சொல்லுங்க, சொல்லலன்னா வைரஸ் காய்ச்சல்னு அனுப்பிடலாம். இன்னொண்ணும் இருக்கு, நிமோனியா மாதிரி பெரிய தொத்து வந்தா ரத்தத்துல இந்த மருந்தோட அளவு தானா ஏறும், டோஸ் மாறாமலேயே ஓவர்டோஸ் ஆன மாதிரி.

எல்லாரும் ரத்தம் ரத்தம்னு பயப்படறாங்க, எனக்குக் கேட்டா வயிறுதான் இதுல பெரிய வில்லன், ஏன்னா அத பத்தி யாரும் பேசமாட்டாங்க. இந்த மருந்து குடல தூங்க வெச்சிடும். மலச்சிக்கல்தானேன்னு விட்டு குடல் அடைச்சு உயிர் போன கேஸ் இருக்கு, 2020-ல அமெரிக்காவுல இதுக்குன்னே எச்சரிக்கைய கடுமையாக்கினாங்க. முப்பது வயசு ஆம்பளைகிட்ட தினமும் போச்சாடான்னு கேக்கறது ரெண்டு பேருக்குமே சங்கடம், அதனால நாங்க ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டோம், பாத்ரூம் கதவுக்குப் பின்னாடி காலண்டர், போனா அவனே ஒரு டிக் போடுவான், நான் எதுவும் கேக்கமாட்டேன். மூணு நாள் டிக் இல்லன்னா டாக்டருக்கு போன். வயிறு உப்பி வலிச்சு வாந்தியும் வந்தா போன்கூட இல்ல, ஆஸ்பத்திரிதான். பழம், கீரை, தண்ணி எல்லாம் சரிதான், ஆனா இசப்கோல் கலக்கிக் கொடுக்கறத நிறுத்துங்க, ஏற்கனவே ஊர்ந்து போற குடல்ல அது போயி மொத்தையா நின்னுக்கும். லாக்டுலோஸ், பிசகோடில் மாதிரி டாக்டர் எழுதறதுதான் சரி, பல பேருக்கு மொத நாள்ல இருந்தே எழுதிடறாங்க. பழைய மாத்திரையோட சேத்து கை நடுக்கத்துக்குன்னு எழுதின பாசிடேன் இன்னும் ஓடுதான்னு பாருங்க, அதுவும் குடல கட்டிப்போடும், க்ளோசபின்ல கை நடுக்கம் ரொம்பக் கம்மிங்கறதால அது இன்னும் தேவையான்னு கேளுங்க.

அடுத்தது பீடி. புகையில இருக்கற கரி, நிக்கோடின் இல்ல, அந்தப் புகைதான், கல்லீரல முடுக்கி விட்டு இந்த மருந்த சீக்கிரமா கரைக்க வைக்கும். அதனால பீடி குடிக்கறவங்களுக்கு டோஸ் கூட வேணும். இது வரைக்கும் சரி. ஆனா சட்டுன்னு விட்டா? அஞ்சு வருஷம் முன்னாடி கார்த்திக ஒண்ணாம் தேதி தம்பி மாலை போட்டான், ஒரு நாளைக்கு ஒரு கட்டுக்கு மேல குடிக்கறவன் அன்னில இருந்து பீடியத் தொடல, எங்களுக்கெல்லாம் கண்ணுல தண்ணி. பத்து நாள்ல சாமி பூஜைல உக்காந்தபடியே தூங்குது, வாய்ல எச்சி வழிஞ்சு துண்டு நனையுது, நடந்தா தள்ளாடுது. குருசாமி என்னைத் தனியா கூப்பிட்டு, சாமி தண்ணி கிண்ணி போட்டிருக்காம்மான்னு கேட்டுட்டாரு. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா அவரு கேட்ட மொத கேள்வியே பீடிய விட்டுட்டானாங்கறதுதான், ரத்தத்துல மருந்து கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு ஏறியிருந்துச்சு. 250-ஐ 200 ஆக்கி, ஒரு வாரம் கழிச்சு 175 ஆக்கினாரு, மலைக்குத் தெளிவாப் போயிட்டு வந்தான். மாலைய கழட்டின அன்னிக்கே பீடி திரும்ப வந்துச்சு, ரெண்டு வாரத்துல குரலும் லேசா வந்துச்சு, டோஸ் திரும்ப 250. ஆக, பீடிய விடறது நல்லதுதான், விடட்டும், விடறதுக்கு முன்னாடியே டாக்டருக்கு சொல்லிடுங்க. வேற எதுக்காவது ஆஸ்பத்திரில படுத்தாலும் இதேதான், வார்டுல பீடி கிடையாதுல்ல. நிக்கோடின் சூயிங்கம் இந்தக் கணக்குல வராது. காபி நேரெதிர், கூடினா மருந்தளவு ஏறும். சிப்ரோஃப்ளாக்சசின்னு ஒரு ஆன்டிபயாடிக், நீர்க்கடுப்புக்கும் வயித்துப்போக்குக்கும் மெடிக்கல்லயே எடுத்துக் கொடுத்துடுவாங்க, அதுவும் நல்லாவே ஏத்தும், வேற எழுதித் தரச் சொல்லுங்க.

மத்தது சுருக்கமா. எச்சி ராத்திரில தலகாணி நனையற அளவுக்கு வரும், ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, மேல ஒரு டவல் போடுங்க, ரொம்பப் படுத்தினா கண்ணுக்குப் போடற அட்ரோபின் சொட்ட நாக்குக்கு அடியில விடச் சொல்லுவாங்க டாக்டருங்க, அளவு அவங்க சொல்றதுதான், அதுவும் குடல இறுக்கற வகைங்கறதால காலண்டர் டிக்க இன்னும் கவனமா பாருங்க. எடை ஏறும், சர்க்கரையும் வரலாம், மாசா மாசம் எடைய நோட்டுல எழுதுங்க, ஆரம்பத்துலயே மெட்ஃபார்மின்ங்கற சர்க்கரை மாத்திரைய சேக்கலாமான்னு கேக்கறதுல தப்பில்ல. டோஸ் கூடக் கூட ஃபிட்ஸ் ஆபத்தும் கூடும், 600 தாண்டினா இன்னும், அதனால கை கால் திடீர் திடீர்னு வெட்டி இழுத்து டம்ளர் கீழ விழுந்தா அது கவனக்குறைவுன்னு திட்டாம டாக்டருக்கு சொல்லுங்க. வண்டி ஓட்டறது, கெணத்துல நீச்சல் எல்லாம் டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் வேண்டாம். படுக்கைய நனைச்சா அதுவும் மருந்துதான், அவங்க சொல்ல மாட்டாங்க, நீங்களா மெத்தைக்கு ஒரு ரப்பர் ஷீட்டப் போட்டு விட்டுட்டு வாயத் தொறக்காம இருங்க.

காசு கஷ்டம்னா மாவட்ட அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுல கேளுங்க, ரத்த டெஸ்டும் அங்கயே முடியும். ராத்திரில என்ன பண்றதுன்னு தெரியாம கை கால் நடுங்கினா 14416-க்கு அடிங்க, டெலி மனஸ்ங்கற அரசு மனநல உதவி எண், தமிழ்ல பேசுவாங்க, காசு கிடையாது. உசுருக்கு ஆபத்துன்னா 108.

நோட்டோட பின் அட்டைல பெருசா எழுதி வைங்க: க்ளோசபின் சாப்பிடறாங்க, இத்தன எம்ஜி, கடைசி டோஸ் எப்போ, கடைசி நியூட்ரோஃபில் கணக்கு எவ்ளோ, டாக்டர் நம்பர். அத போட்டோ எடுத்து வீட்ல எல்லார் போன்லயும் போட்டுடுங்க, எங்க மாமா போன்லயும் சேத்துத்தான்.